கயாக்கில் இருந்து ஆற்றுச் சால்மன்: ஹரிசன் ஆற்றில் தொடங்குவோருக்கு

கடலில் வளர்ந்து கொழுத்த சால்மன், முட்டையிடத் தான் பிறந்த ஆற்றுக்குத் திரும்பும்போது இரை எடுப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. உடம்பில் சேர்த்துவைத்த கொழுப்பைக் கொண்டுதான் மிச்சப் பயணம் முழுவதும். ஆகவே அது ஓட்டத்தோடு வீணாக மல்லுக்கட்டாது. கொஞ்சத் தூரம் ஏறும், மெல்லிய நீர் கண்ட இடத்தில் ஒதுங்கும், இளைப்பாறிவிட்டு மறுபடி ஏறும். கயாக்கில் போகிறவருக்கும் அதே மெல்லிய நீர்தான் வேண்டும். வேகமான ஓட்டத்தில் சிறு படகை நிறுத்திவைப்பதும், எறிவதும், பெரிய மீனோடு போராடுவதும் புதியவருக்கு ஆபத்து. மீன் ஒதுங்கும் இடமும் நீங்கள் பத்திரமாக இருக்கக்கூடிய இடமும் ஒன்றாகவே இருப்பதுதான் இந்த மீன்பிடியின் அழகு. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு முடிவையும், எந்த ஆறு, எந்த மீன், எங்கே எறிவது என்பதையெல்லாம், இதை மனதில் வைத்தே எடுங்கள்.

எந்த ஆறு, எந்த மீன்

பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹரிசன் ஆற்றை எடுத்துக்கொள்கிறேன். வன்கூவரில் இருந்து கிழக்கே காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். ஹரிசன் ஏரியில் புறப்பட்டு, சுமார் 18 கிலோமீற்றர் ஓடி, பிரேசர் ஆற்றில் கலக்கிறது. மேலே பெரிய ஏரி இருப்பதால் ஒரு நாள் மழைக்கு இந்த ஆறு கலங்கிவிடாது. நீர்மட்டமும் மெதுவாகத்தான் ஏறி இறங்கும். ஆறு அகலமானது. கிளைகளும் குடாவும் உண்டு. பசிபிக் சால்மனின் ஐந்து இனங்களும் இங்கே வருகின்றன: சினூக், கோஹோ, சொக்கை, பிங்க், சம். 2010ல் கனடாவின் முதலாவது சால்மன் அரணாக, அதாவது காட்டுச் சால்மன் செழித்து வாழும், காக்கப்பட வேண்டிய ஆறாக, அறிவிக்கப்பட்டது இந்த ஆறுதான். இது ஸ்தஹேலிஸ் முதற்குடி மக்களின் நிலம். அவர்கள் இந்த மீனை நம்பித் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகிறவர்கள். அவர்களுடைய வலைகள் ஆற்றில் இருக்கும் நாட்களில் தள்ளி நில்லுங்கள். மிதவைக் கயிற்றுக்குக் குறுக்கே போகாதீர்கள்.

முதல் பருவத்தில் கோஹோவைத் தேடுங்கள். பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து கிலோ எடை, துள்ளிக் குதிக்கும் மீன், ஆனால் கயாக்கில் இருந்து சமாளிக்கலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், மற்ற இனங்களைக் காட்டிலும் மெல்லிய நீரை விரும்புவது இதுதான். விழுந்த மரத்தின் ஓரம், ஓட்டமே இல்லாத கிளைக் கால்வாய், குடாவின் விளிம்பு என்று ஒதுங்கிக் கிடக்கும். செப்டம்பர் பிற்பகுதியில் வரத் தொடங்கி நவம்பர் முழுவதும் இருக்கும். அக்டோபர் நடுப்பகுதியில் இருந்து நவம்பர் நடுப்பகுதி வரையான காலத்தை நான் தெரிவு செய்வேன்.

ஒற்றைப்படை ஆண்டு என்றால் இன்னொரு நல்வாய்ப்பு. பிங்க் சால்மன் பிரேசர் ஆற்றுத் தொகுதிக்குள் பெருங்கூட்டமாக ஏறுவது ஒற்றைப்படை ஆண்டுகளில்தான். இரண்டு கிலோ அளவான சிறு மீன், எண்ணிக்கையில் ஏராளம், இளஞ்சிவப்பு நிறத்தில் எதைக் காட்டினாலும் பாயும். செப்டம்பரில், காற்றில் இன்னும் சூடு இருக்கும்போதே கையைப் பழக்கிக்கொள்ளலாம்.

சினூக்கை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். பதினைந்து கிலோ மீன் ஒன்று கயாக்கை எங்கே இழுத்துப் போகும் என்பதை நீங்கள் தீர்மானிக்க முடியாது. அதை வைத்துக்கொள்வதற்கும் பல நேரங்களில் தடை இருக்கும்.

ரொறன்ரோவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ரூஜ், ஹைலண்ட் கிறீக், கிரெடிட் ஆறுகளில் செப்டம்பரில் ஏறும் பெரிய சினூக்குகளைப் பார்த்திருப்பீர்கள். அவை 1960களின் இறுதியில் தொடங்கி ஒன்ராறியோ ஏரியில் விடப்பட்ட மீன்களின் வழி வந்தவை. அந்த ஏரிக்கே உரிய அட்லாண்டிக் சால்மன் 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அற்றுப்போயிற்று. அந்த ஓடைகள் கயாக்குக்குச் சிறியவை. அங்கே கயாக் உதவுவது ஏரி முகத்துவாரத்தில். அது அலையும் ஆழமும் சார்ந்த வேறொரு வேலை. இந்தக் கட்டுரை அதற்குப் போதாது.

அனுமதிப்பத்திரமும் விதிகளும்

மிசன் நகரின் ரயில் பாலம்தான் எல்லைக்கோடு. அதற்குக் கீழே பிரேசர் ஆறு கடலோதம் ஏறி இறங்கும் நீராகக் கணக்கிடப்படுகிறது. அங்கே மத்திய அரசின் அனுமதிப்பத்திரம் வேண்டும். பாலத்துக்கு மேலே, ஹரிசன் உட்பட, மாகாண அரசின் நன்னீர் அனுமதிப்பத்திரம். சால்மனை வீட்டுக்குக் கொண்டுபோக விரும்பினால் அதனோடு சால்மனுக்கான பாதுகாப்பு முத்திரையும் வாங்க வேண்டும். இரண்டும் இணையத்திலேயே கிடைக்கும். ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரை செல்லும்.

எந்த இனத்தை, எத்தனை, எந்த நாள் வரை வைத்துக்கொள்ளலாம் என்பதைக் கனடிய மீன்வளத்துறை அறிவிக்கிறது. இது பருவத்தின் நடுவிலும் மாறும். மீன் வரத்துக் குறைவாகத் தெரிந்தால் ஒரே அறிவித்தலில் மூடிவிடுவார்கள். போன கிழமை நண்பர் சொன்ன விதி இந்தக் கிழமை செல்லாது போகலாம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு அந்தத் துறையின் தளத்தில் நீங்களே பாருங்கள்.

மாறாத சில உண்டு. ஆற்றில் ஒற்றைத் தூண்டில் முள் மட்டுமே. அதிலும் எதிர்முனை, அதாவது முள் கழறாமல் தடுக்கப் பின்னோக்கி நிற்கும் கூர், இருக்கக்கூடாது. கடையில் வாங்கும் ஸ்பின்னரில் (இழுக்கும்போது உலோக அலகு சுழலும் போலி இரை) பெரும்பாலும் மும்முள் இருக்கும். அதைக் கழற்றி ஒற்றை முள் மாட்டுங்கள், எதிர்முனையைக் குறட்டால் நசுக்கிவிடுங்கள். வாயில் அல்லாமல் உடம்பில் முள் குத்தி வந்த மீனை விட்டுவிட வேண்டும். நீண்ட தங்கூசியை ஓட்டத்தில் உருட்டி, வாய் திறந்து நிற்கும் மீனின் தாடையில் முள்ளை இழுத்துக் கொழுவும் வழக்கம் பிரேசரில் இருக்கிறது. தயவுசெய்து அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள். கூட்டத்தில் எந்த இனம் மாட்டும் என்று தெரியாத முறை அது; காக்கப்பட வேண்டிய மீன்தான் அதில் அடிபடுகிறது.

எது என்ன மீன்?

கடைக்குப் போவதற்கு முன்னரே இதைக் கற்றுக்கொள்ள வேண்டும். கையில் மீன் துள்ளும்போது படம் பார்த்துத் தெரிந்துகொள்ள நேரம் இருக்காது.

வாலைப் பாருங்கள், பிறகு முரசைப் பாருங்கள். கோஹோவுக்கு வாலின் மேல் பாதியில் மட்டும் கரும்புள்ளி. பற்கள் முளைக்கும் முரசுக்கோடு வெளிறியிருக்கும். சினூக்குக்கு வாலின் இரு பாதியிலும் புள்ளி, முரசு முழுக்கக் கறுப்பு. பிங்குக்கு வாலில் பெரிய நீள்வட்டப் புள்ளிகள், செதிள் மிகச் சிறிது. ஆண் மீனுக்கு முதுகு கூனிவிடும். சம் மீனுக்கும் சொக்கைக்கும் இப்படியான கரும்புள்ளி இல்லை. ஆற்றுக்கு வந்த சம் மீனின் விலாவில் ஊதாவும் பச்சையுமாகச் செங்குத்துக் கோடுகள் இறங்கும். சொக்கை உடல் சிவந்து தலை பச்சையாகும்.

கோஹோ என்று உறுதியானதும் அடுத்த கேள்வி: குஞ்சகத்தில், அதாவது மீன்குஞ்சு பொரிக்கவைக்கும் நிலையத்தில், வளர்ந்ததா, காட்டு மீனா? முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், எலும்பில்லாத சிறு கொழுப்புச் செட்டை ஒன்று இருக்கும். குஞ்சகத்தில் வளர்த்து விடும் மீன்களில் அதைக் குஞ்சிலேயே வெட்டிவிடுகிறார்கள். ஆறிய தழும்பு மட்டும் தெரிந்தால் அது குஞ்சக மீன்; அனுமதி இருக்கும் நாளில் வைத்துக்கொள்ளலாம். செட்டை முழுதாக இருந்தால் காட்டுக் கோஹோ. அதைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே முள்ளைக் கழற்றி விட்டுவிடுங்கள். ஹரிசனில் விழும் செஹேலிஸ் ஆற்றங்கரையில் பெரிய குஞ்சகம் ஒன்று இருக்கிறது. அதனால் இங்கே செட்டை வெட்டிய கோஹோ கிடைக்கும் வாய்ப்பு நல்லது.

சந்தேகம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கயாக்கும் உடுப்பும்

மேலே திறந்திருக்கும், தண்ணீர் தானாக வடியும் வகைக் கயாக் போதும். பத்தரை முதல் பன்னிரண்டரை அடி நீளம், முப்பத்திரண்டு அங்குலத்துக்குக் குறையாத அகலம். நீளமானது வேகமாகப் போகும். உங்களுக்கு வேகத்தைவிட அசையாமல் இருப்பது முக்கியம். மிதிகட்டை வைத்தது கிடைத்தால் இரண்டு கையும் தூண்டிலுக்குக் கிடைக்கும். ஆனால் ஆழமில்லாத இடத்தில் அதன் அடித்தகடு தரை தட்டும், ஆகவே துடுப்பு எப்போதும் கூட இருக்க வேண்டும். மின்மோட்டர் பூட்டினால் கனடாவில் அது மோட்டர் படகு. அதற்குரிய படகோட்டி அட்டை இல்லாமல் ஓட்டக்கூடாது. முதல் பருவத்தில் வாடகைக் கயாக் எடுத்துப் பாருங்கள். பணத்தைக் கயாக்கில் போடுவதற்கு முன் உடுப்பில் போடுங்கள்.

உடுப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மீன்பிடியில் உயிர் போவது மீனால் இல்லை, குளிரால். 15 பாகைக்குக் கீழே உள்ள நீரைக் குளிர்நீர் என்று கொள்கிறார்கள். கோஹோ பருவத்தில் ஹரிசன் அதற்குக் கீழேதான் இருக்கும். மனிற்றோபா பல்கலைக்கழகத்தின் கோர்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன ஆகும் என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் தரும் கணக்கு 1, 10, 1. முதல் ஒரு நிமிடம் மூச்சு உங்கள் வசத்தில் இருக்காது, திணறும். அந்த நேரத்தில் வாயைத் தண்ணீருக்கு மேலே வைத்திருப்பது மட்டுமே வேலை. அடுத்த பத்து நிமிடம் கைகால் சொல்வழி கேட்கும். கயாக்கில் ஏறுவதோ கரை சேர்வதோ அதற்குள் நடக்க வேண்டும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆனால் உயிர்காப்பு அங்கி இல்லாதவர் அந்த ஒரு மணி நேரத்தைக் காண மாட்டார். நீந்தத் தெரிந்தவர்களும் முதல் நிமிடத்திலேயே மூழ்குவது அந்த மூச்சுத் திணறலால்தான்.

ஆகவே அங்கியைக் கயாக்கின் பின்னால் கட்டி வைக்காமல் உடம்பில் பூட்டியே இருங்கள். அதற்குள்ளே கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுகிய, நீர் புகா உடுப்பு. அதற்கும் உள்ளே கம்பளி. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும், அணியாதீர்கள். கரையில் நின்று பிடிப்பவர்களின் நெஞ்சளவு ரப்பர் காற்சட்டை கயாக்குக்குச் சரிவராது. கயாக்கில் இருக்க வேண்டியவை: அளவான உயிர்காப்பு அங்கி, 15 மீற்றருக்குக் குறையாத மிதக்கும் எறிகயிறு, விசில், நீரிறைக்க ஒரு ஏனம், இருட்டினால் விளக்கு. நான் இவற்றோடு அங்கியின் நெஞ்சுப் பையில் ஒரு சிறு கத்தியையும் சேர்ப்பேன். கைப்பேசியை நீர் புகாப் பையில் போட்டு உடம்போடு வையுங்கள். கயாக் உங்களை விட்டு மிதந்து போனால் அதில் இருக்கும் கைப்பேசியால் பயனில்லை. மலைகளுக்கிடையே தொடர்பு விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். ஆகவே எங்கே இறங்குகிறேன், எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.

கோடையிலேயே ஒரு வேலையை முடித்து வையுங்கள். சூடான நாளில், ஆழம் குறைந்த ஏரிக்கரையில், துணைக்கு ஒருவரை நிறுத்தி, கயாக்கைக் கவிழ்த்து மறுபடி ஏறுங்கள். கவிழ்ந்த கயாக்கை முதலில் நிமிர்த்த வேண்டும். பிறகு நடுப்பகுதியில் பக்கவாட்டாக நின்று, இரண்டு கையையும் மறுபக்க விளிம்புக்கு நீட்டி, காலை நீர்ப்பரப்பில் உதைத்து, வயிறு குறுக்கே வரும்வரை ஏறுங்கள். அங்கே ஒரு மூச்சு எடுத்துவிட்டுப் புரண்டு இருக்கையில் அமருங்கள். மீன்பிடிக்கும் முழு உடுப்போடும் இது கைவந்த பிறகுதான் அக்டோபரில் ஆற்றில் இறங்கலாம்.

தூண்டில் சாமான்

கரையில் நிற்பவர்கள் ஒன்பது, பத்தடித் தடி வைத்திருப்பார்கள். கயாக்கில் அந்த நீளம் இடைஞ்சல். மீனைப் பக்கத்தில் கொண்டுவர முடியாது. ஏழரை அடி, நுனி சுறுசுறுப்பான, நடுத்தர வலுவுள்ள தடி. 3000 அளவு சுழல் ரீல். 20 அல்லது 30 இறாத்தல் பின்னல் நூல், முனையில் நாலைந்து அடிக்கு, நீரில் எளிதில் தெரியாத 12 இறாத்தல் ஃபுளோரோகார்பன் நூல். இது போதும்.

மூன்று வகை மட்டும் வாங்குங்கள். மூன்றாம், நான்காம் இலக்க ஸ்பின்னர். கால் அவுன்ஸ் முதல் அரை அவுன்ஸ் வரையான ஸ்பூன், அதாவது கரண்டி போல வளைந்த உலோக இரை. அதே எடையில், முயல் மயிரோ இறகோ கட்டிய ஜிக், அதாவது தலையில் பாரம் வைத்த முள். நீர் தெளிந்து வெயிலும் இருந்தால் செம்பு, ஒலிவ், கறுப்பு போன்ற அடங்கிய நிறங்கள். கலங்கலோ மந்தாரமோ என்றால் இளஞ்சிவப்பு, ஊதா, பச்சைமஞ்சள். தடிகளையும் குறடையும் கயாக்கோடு கட்டி வையுங்கள். ஆனால் நீண்ட கயிறு எதையும் காலடியில் தொங்க விடாதீர்கள். கவிழும்போது அது காலைச் சுற்றும்.

நீரை வாசிப்பது

ஹரிசன் மில்ஸில், ஏழாம் நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில், கில்பி மாகாணப் பூங்காவில் படகு இறக்கும் தளம் உண்டு. விடியும் நேரத்தில் அங்கே இருங்கள். முதல் வெளிச்சத்தில் கோஹோ ஆழமில்லாத இடத்திலும் துணிந்து நிற்கும். வெயில் ஏறினால் மரநிழலுக்கும் ஆழத்துக்கும் போய்விடும். அதோடு காலையில் காற்றும் படகுகளும் குறைவு. முந்தின இரவு காற்று முன்னறிவிப்பைப் பாருங்கள். குடா அகலமானது, காற்று எழுந்தால் குறுகிய செங்குத்தலைகள் வரும். மரநுனிகள் ஆடுகிற நாளில் திரும்பிப் போய்விடுங்கள். நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் நீரளவை நிலையம் ஹரிசனில் இருக்கிறது. அதன் அளவுகளை இணையத்தில் மணிக்கு மணி காணலாம். பிந்திய இலையுதிர் காலத்தில் மட்டம் இறங்கும்போது குடாவின் பெரும்பகுதி சேறும் மணலுமாக வெளிவரும். காலையில் மிதந்து போன வழி மாலையில் சேறாகிவிடலாம்.

முதலில் ஓட்டத்துக்கு எதிராகப் போங்கள். உடம்பில் தெம்பு இருக்கும்போது ஏறிவிட்டால், களைத்த நேரத்தில் ஆறு உங்களை வண்டிக்குக் கொண்டுவந்து சேர்க்கும். கரையை ஒட்டி, மெல்லோட்டத்தில் ஏறுங்கள். விசைப்படகுகள் நடு ஆற்றில் வேகமாக வரும். அவற்றின் அலை வந்தால் கயாக்கின் முனையை அலைக்கு நேரே திருப்புங்கள்.

ஏறும்போதே தேடத் தொடங்குங்கள். ஓடும் நீரும் நிற்கும் நீரும் உரசும் இடத்தில் ஒரு கோடு தெரியும்: ஒரு பக்கம் சுருக்கமும் நுரையும், மறுபக்கம் வழவழப்பு. அந்தக் கோட்டின் வழவழப்பான பக்கம் ஒரு நல்ல இடம். கிளைக் கால்வாய் ஆற்றைச் சந்திக்கும் வாய் இன்னொன்று. ஏறிப் போகும் மீன் அங்கே திரும்பி உள்ளே ஒதுங்கும். வீவர் ஓடையின் நீர் ஹரிசனுக்கு வந்து சேரும் மொரிஸ் கிளைப் பகுதியில் இதை நன்றாகப் பார்க்கலாம். வீவர் ஓடையில் 1965ல் அமைத்த செயற்கை முட்டையிடு வாய்க்கால் இருக்கிறது. அங்கே போகும் மீன்கள் இவ்வழியாகத்தான் போக வேண்டும். ஆகவே எந்தப் பகுதி திறந்திருக்கிறது, எந்தப் பகுதி மூடியிருக்கிறது என்று முன்னரே பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றாவது இடம், மெல்லிய நீரில் கிடக்கும் மரம்.

மரத்தில் கவனம் வேண்டும். நிற்கும் நீரில் கிடக்கும் மரம் கோஹோவின் வீடு. ஓடும் நீரில் கிடக்கும் மரம் சல்லடை. நீர் ஊடே போகும், நீங்கள் போக மாட்டீர்கள். ஓட்டம் உங்களை மரத்தின் மீது தள்ளும், கயாக் சாயும், கிளைக்கு அடியில் அகப்படுவீர்கள். எந்த மரத்தையும் கீழ்ப்பக்கத்தில் இருந்துதான் அணுக வேண்டும். அதற்கு மேற்பக்கத்தில் மிதந்துகொண்டு எறியவே கூடாது.

இடத்தை அடைந்ததும் எறிய அவசரப்படாதீர்கள். பத்து நிமிடம் கையைக் கட்டிப் பாருங்கள். கோஹோ தன்னைக் காட்டிக்கொடுக்கும் மீன். முதுகு புரளும், வால் வெட்டும், ஆழமில்லாத இடத்தில் கூட்டம் நகரும்போது நீர்ப்பரப்பில் ஒரு புடைப்பு ஓடும். துடுப்பு கயாக்கில் மோதும் சத்தம் அந்தக் கூட்டத்தைக் கலைத்துவிடும். துடுப்பை மடியில் மெல்ல வையுங்கள்.

எறிவதும் இழுப்பதும்

மீன் நிற்கும் இடத்துக்கு நேரே எறியாமல், சில அடி தாண்டி எறிந்து அதன் முன்னால் கொண்டுவாருங்கள். ஸ்பின்னர் என்றால் அலகு சுழல்வது தடியில் உணரும் அளவுக்கு மட்டும் மெதுவாகச் சுற்றுங்கள். புதியவர்கள் எல்லோருமே வேகமாகத்தான் சுற்றுகிறார்கள். பத்துப் பாகைத் தண்ணீரில் மீன் சோம்பலாக இருக்கும். அதன் மூக்குக்கு முன்னால் நேரம் எடுத்துப் போக வேண்டும்.

ஜிக் இன்னும் சுவையானது. எறிந்து, அடியை நெருங்கும்வரை மூழ்க விடுங்கள். தடி நுனியை ஓரடி அளவுக்குச் சட்டென்று மேலே தட்டி, உடனே தாழ்த்தி, தளர்ந்த நூலைச் சுற்றிக்கொள்ளுங்கள். மறுபடி தட்டுங்கள். ஜிக் மேலே துள்ளி, இறகு விரிந்து, கீழே விழும். மீன் கவ்வுவது பெரும்பாலும் அது விழும்போது. கையில் அடி விழாது; நூல் நின்றுபோகும், அல்லது பக்கத்தில் நகரும், அல்லது அடுத்த தட்டலில் கனம் தெரியும். அதில் எதைக் கண்டாலும் இழுத்துவிடுங்கள். பசியில்லாத மீன் எதற்காகக் கவ்வுகிறது என்றால், எரிச்சலில், பழக்கத்தில், தன் இடத்துக்குள் நுழைந்ததைத் துரத்துவதற்காக. ஆகவே அதே நிறத்தையே காலை முழுவதும் காட்டாதீர்கள். சில எறிகளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். மீன் தெரிந்தும் கவ்வாவிட்டால் அந்த இடத்தை அரை மணி நேரம் ஆறவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இடத்தில் நிற்க நங்கூரம் போட ஆசை வரும். ஓடும் நீரில் போடாதீர்கள். கயாக்கின் பக்கத்தில் கட்டிய நங்கூரம் ஓட்டத்தில் இறுகினால், பக்க விளிம்பை நீருக்குள் இழுத்து ஒரே கணத்தில் கவிழ்த்துவிடும். கத்தி எடுக்கக் கூட நேரம் இராது. நின்ற நீரில் போடலாம். ஒன்றரைக் கிலோ மடிப்பு நங்கூரம், ஆழத்தைப் போல மூன்று மடங்குக்குக் குறையாத கயிறு. முன்முனையிலோ பின்முனையிலோ இருந்து மட்டும் இழுக்கும்படி ஓடுகயிறு பூட்டியிருக்க வேண்டும். கயிற்றின் முடிவில் ஒரு மிதவை கட்டி, ஒரே இழுப்பில் கழறும்படி வையுங்கள். மீன் பட்டதும் மிதவையோடு கழற்றி விட்டுவிட்டுப் போய், பிறகு வந்து எடுத்துக்கொள்ளலாம். அதை விட எளிது, கரையோரப் புல்லிலோ சேற்றிலோ கயாக்கின் மூக்கை ஏற்றி நிறுத்துவது. மெல்லிய நீரில் அதுவே போதும்.

மீன் பட்டதும்

தடியை முன்முனைக்கு மேலாகப் பிடியுங்கள். மீன் எந்தப் பக்கம் ஓடினாலும் கயாக் அந்தப் பக்கம் திரும்பிப் பின்தொடரும். இழுபடுவதைத் தடுக்க வேண்டாம். கயாக்கை இழுத்தே மீன் களைக்கும். பக்கவாட்டில் தடி முழுக்க வளைந்து நிற்க, நீங்களும் அந்தப் பக்கம் சாய்ந்தால் கவிழ்வது உறுதி. தலை எப்போதும் கயாக்கின் நடுக்கோட்டுக்கு மேலேயே இருக்கட்டும். ரீலின் பிடியை, அதாவது நூல் வெளியே ஓடுவதைத் தடுக்கும் இறுக்கத்தை, கூட்டாதீர்கள். கோஹோ கடைசி நேரத்தில் சுருண்டு புரளும், எதிர்முனை இல்லாத முள் தளர்ந்த நூலில் கழன்றுவிடும். ஆகவே நூல் தளராமல், அறுந்தும் போகாமல் வைத்திருப்பதுதான் திறமை. மரத்தை நோக்கி ஓடினால் தடியைத் தாழ்த்தி எதிர்ப்பக்கம் சாய்த்துத் திருப்புங்கள். வேக ஓட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போனால் நூலை வெட்டிவிடுங்கள்.

களைத்த மீன் பக்கவாட்டில் சாயும். தடியைப் பின்னால் உயர்த்தி, ரப்பர் வலையை நீருக்குள் வைத்து, தலை முன்னதாக உள்ளே வரவிடுங்கள். வலையைத் தூக்கக்கூடாது. நீருக்குள்ளேயே வைத்துக்கொண்டு வாலையும் முரசையும் கொழுப்புச் செட்டையையும் பாருங்கள். விட வேண்டிய மீன் என்றால் குறட்டால் முள்ளைப் பின்னுக்குத் திருகுங்கள், கழன்றுவிடும். வாலின் அடியைப் பிடித்து, தலையை மெல்லோட்டத்துக்கு எதிராக நிமிர்த்தி வையுங்கள். செவுள் சீராக அசைந்து, கையை உதறிக்கொண்டு அது தானாகப் போகும்வரை பிடித்திருங்கள். படம் எடுக்க ஆசை இருந்தால் நீரில் இருக்கும்போதே எடுங்கள்.

தொடக்கூடாத மீன்

ஆழமில்லாத சரளைக்கல் தரையில் ஓரிடம் மட்டும் கழுவிவிட்டதைப் போல வெளிறித் தெரிந்தால், அது முட்டைக் குழி. பெண் மீன் பக்கவாட்டில் படுத்து வாலால் அடித்து அடித்துத் தோண்டியது. முட்டை அதற்குள்ளே வசந்தம் வரை கிடக்கும்; ஒரு காலடி பட்டால் நசுங்கும். கயாக்கை இறக்கும்போதும் இழுக்கும்போதும் சரளையில் நடக்காமல் சேற்றுக்கரையையோ படகுத்தளத்தையோ தெரிவு செய்யுங்கள். குழியின் மேல் இணையாக நிற்கும் மீன்களுக்கு எறிய வேண்டாம். ஏதாவது ஒன்றைக் கவ்வத்தான் செய்யும். ஆனால் அது தன் வாழ்க்கையின் கடைசி வேலையில் இருக்கிறது, அதற்கென்று மிச்சம் இருக்கும் பலத்தை நாம் பறிக்கக்கூடாது. உடல் கறுத்து, செட்டைகள் தேய்ந்து வெளுத்த மீனையும் அப்படியே விடுங்கள். அதன் இறைச்சியும் அதற்குள் வெளிறி, கொழுப்பின்றி இருக்கும்.

நவம்பரில் செத்து ஒதுங்கும் மீன்களைத் தேடி வெண்தலைக் கழுகுகள் செஹேலிஸ் திட்டுகளில் ஆயிரக்கணக்கில் கூடும். அவை உணவெடுக்கும் மணல்திட்டுகளை நெருங்காமல் சுற்றிப் போங்கள். ஒரு கயாக் எல்லாவற்றையும் கிளப்பிவிடும். குளிரில் வீணாகப் பறப்பது பறவைக்கு இழப்பு.

பிடித்த மீன்

வைத்துக்கொள்ளும் மீனை உடனே தலையில் ஓங்கி ஒரே அடியில் கொல்லுங்கள். ஈரக்கயிற்றில் கட்டி உயிரோடு இழுத்துக்கொண்டு திரிவது கொடுமை, சீல்களுக்கு அழைப்பும் கூட. அவை ஹரிசன் வரைக்கும் ஏறி வரும். ஒரு பக்கச் செவுளின் வளைவுகளை வெட்டி, சில நிமிடம் நீரில் பிடித்து இரத்தம் வடிய விடுங்கள். பிறகு ஐஸ் போட்ட குளிர்ப்பைக்குள். இந்த இரண்டையும் செய்த கோஹோவுக்கும் செய்யாததற்கும் சட்டியில் தெரியும் வித்தியாசம் பெரிது. கொழுப்புச் செட்டைத் தழும்பு தெரியும்படி மீனை முழுதாகவே கொண்டுபோங்கள், மீன்வளத்துறை அலுவலர் கேட்டால் காட்ட வேண்டும்.

அன்று கரையேறிய கோஹோவை மசாலாவில் மூழ்கடிக்காதீர்கள். மஞ்சள், மிளகு, உப்பு, கொஞ்சம் தேசிக்காய்ப் புளி. தோல் பக்கம் கீழே இருக்க மிதமான சூட்டில் வையுங்கள், நடுவில் இன்னும் ஈரம் தெரியும்போதே இறக்கிவிடுங்கள். சம் மீன் கிடைத்தால் அதைக் குழம்புக்கு வையுங்கள். கொழுப்புக் குறைந்த, உறுதியான இறைச்சி. தேங்காய்ப்பாலும் பழப்புளியும் நன்றாகப் பிடிக்கும்.